இரைப்பைக்கு அடுத்த ஒரு சாண்: குமரிச் சாப்பாடு உள்ளே போகும் வழி

குமரி மாவட்டத்தில் மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் சாப்பிட்டு எழுந்த யாரிடமாவது, சாப்பிட்டது எங்கே செரிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நெஞ்சுக்குழிக்குக் கீழே கை வைத்துக் காட்டுவார். அங்கே இருப்பது இரைப்பை. அதில் நடப்பது முன்வேலை மட்டும்தான். சாப்பாட்டை ரத்தத்தில் சேரும் அளவுக்கு உடைக்கிற வேலையில் பெரும்பகுதி அதைத் தாண்டி, சிறுகுடலில் நடக்கிறது. அதிலும் முக்கியமான இடம் இரைப்பை முடிந்ததும் தொடங்குகிற முதல் 25 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். டாக்டர்கள் டியோடினம் என்பார்கள், பாடப்புத்தகத்தில் முன்சிறுகுடல் என்று இருக்கும்.

இரைப்பையை முழுதாக எடுத்துவிட்டாலும் மனிதர் உயிர் வாழலாம். 1897ல் சூரிச்சில் ஷ்லாட்டர் என்ற சர்ஜன் ஒரு பெண்ணுக்கு இதைச் செய்து காட்டினார். இன்றும் புற்றுநோய்க்காக இரைப்பை நீக்கப்பட்டவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, பி12 ஊசி போட்டுக்கொண்டு பல வருடம் நன்றாகவே இருக்கிறார்கள். சிறுகுடல் முழுதும் போய்விட்டால் அப்படி வாய்வழிச் சாப்பாட்டில் வாழ முடியாது. சத்தை நேரடியாக ரத்தத்தில்தான் ஏற்ற வேண்டும்.

இந்த ஒரு சாண் குடலைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் கூடுதலாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காரணம் நம் மாவட்டத்து நெய்யூரில் இருக்கிறது. அதற்கு வருமுன் தட்டிலிருந்து தொடங்கிவிடலாம்.

தட்டில் இருப்பது மூன்று வகைச் சரக்கு. மரச்சீனி ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. புரதம் நூற்றுக்கு ஒன்று அல்லது ஒன்றரை பங்குதான். சாளையில் புரதமும் மீன் எண்ணெயும். அரைத்துவிட்ட தேங்காயில் கொழுப்பு. இந்த மூன்றையும் அப்படியே உடம்பு எடுத்துக்கொள்ளாது. மாவுச்சத்து குளுக்கோஸாக வேண்டும், புரதம் அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று அமினோ அமிலம் சேர்ந்த சிறு துண்டுகளாகவும் வேண்டும், கொழுப்பு கொழுப்பு அமிலங்களாகப் பிரிய வேண்டும். வாயிலிருந்து ஆசனவாய் வரை நீளும் குழாயும், அதற்கு வெளியே இருந்து சாறு அனுப்பும் உமிழ்நீர்ச் சுரப்பி, கல்லீரல், பித்தப்பை, கணையம் எல்லாமும் இந்த உடைப்புக்கும் உறிஞ்சலுக்கும்தான்.

வாயில் நடப்பதை வேகமாகச் சொல்லிவிடலாம். மூன்று ஜோடிப் பெரிய சுரப்பிகள் ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 லிட்டர் உமிழ்நீர் தருகின்றன. அதில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தை உடைக்கத் தொடங்கும். அவித்த கிழங்கை அவசரப்படாமல் நன்றாக மென்றால் லேசாக இனிக்கும். அமைலேஸ் மால்டோஸ் என்ற சர்க்கரையை உண்டாக்கியதன் ருசி அது. கிழங்கை அவிக்காமல் தின்றால் மாவுமணிகள் இறுகியே இருக்கும், நொதிக்கு எளிதில் பிடிகொடுக்காது. அவிக்கும்போது அவை தண்ணீர் குடித்து உப்பி, உடைபடத் தயாராகின்றன.

தொண்டையில் மட்டும் ஒரு சிக்கலான இடம் உண்டு. மூச்சும் சாப்பாடும் ஒரே வழியாக வந்து அங்கே பிரிய வேண்டும்: முன்னால் மூச்சுக்குழாய், பின்னால் உணவுக்குழாய். விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்கிறது, மேலண்ணம் உயர்ந்து மூக்குப் பக்கத்தை அடைக்கிறது, குரல்வளை மேலெழும்பிக் குரல்வளை மூடி அதன் மேல் சாய்கிறது. பேசிக்கொண்டே சாப்பிட்டால் புரையேறுவது இந்த வரிசை குலைவதால். மீன் முள் சிக்குவதும் பெரும்பாலும் இங்கேதான், டான்சில் பக்கத்திலும் நாக்கின் அடியிலும். நம் வீடுகளில் உடனே ஒரு பெரிய சோற்று உருண்டையையோ பழத்தையோ விழுங்கச் சொல்வார்கள். சாளையின் மெல்லிய முள்ளாக இருந்தால் சில நேரம் அதோடு இறங்கிவிடும். பெரிய மீனின் முள் குத்தி நின்றிருந்தால் அந்த உருண்டை அதை இன்னும் ஆழமாகத் தள்ளும். உணவுக்குழாயில் குத்தி நிற்கிற முள், சுவரைத் துளைத்து நெஞ்சுக்குள் சீழ் பிடிக்க வைக்கக்கூடியது. விழுங்கும்போதெல்லாம் ஒரே இடத்தில் குத்தினால், எச்சில்கூட இறங்காவிட்டால், காய்ச்சலோ நெஞ்சுவலியோ வந்தால், வீட்டு வைத்தியம் வேண்டாம். காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விட வேண்டும். இரைப்பை வரை போய்ச் சேர்ந்த முள்ளைப் பற்றிப் பொதுவாகக் கவலை தேவையில்லை, பெரும்பாலானவை தொந்தரவில்லாமல் வெளியேறிவிடும்.

உணவுக்குழாயும் 25 சென்டிமீட்டர்தான். அதில் செரிமானம் கிடையாது. தசை மேலிருந்து வரிசையாகச் சுருங்கி உருண்டையைக் கீழே தள்ளுகிறது. பத்து விநாடிக்குள் வேலை முடிந்துவிடும். படுத்துக்கொண்டு விழுங்கினாலும் சாப்பாடு இரைப்பைக்குப் போவது இந்தத் தசையலையால். கீழ் முனையில் ஒரு சுருக்குத்தசை இருக்கிறது. அது தளர்ந்து அமிலம் மேலே வருவதுதான் நெஞ்செரிச்சல், புளிச்ச ஏப்பம். சாப்பிட்ட கையோடு படுப்பது, வயிறு முட்டச் சாப்பிடுவது, தொப்பை, சிகரெட் எல்லாம் இதைக் கூட்டும்.

இனி இரைப்பை. காலியாக இருக்கும்போது 50 முதல் 75 மில்லி கொள்ளும் சின்னப் பை. சாப்பாடு வர வர சுவர் தளர்ந்து 1 முதல் 1.5 லிட்டர் வரை இடம் கொடுக்கும். ஒரு நாளைக்கு 2 லிட்டர் அளவுக்கு இரைப்பை நீர் சுரக்கிறது. அதன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மூன்று வேலை செய்கிறது: மீனின் புரதச் சுருளை அவிழ்த்து நொதிக்கு வசப்படுத்துகிறது, கூடவே வந்த கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது, பெப்சினோஜன் என்ற செயலற்ற சரக்கைப் பெப்சின் என்ற புரதவெட்டி நொதியாக மாற்றுகிறது. பி12 வைட்டமினைக் குடல் உறிஞ்சத் தேவையான ஒரு புரதமும் இங்கேதான் சுரக்கிறது. இரைப்பை எடுத்தவர்களுக்குப் பி12 ஊசி வேண்டியிருப்பது அதனால்தான்.

மீனையே கரைக்கிற அமிலம் இரைப்பையை ஏன் கரைக்கவில்லை? சுவரின் மேல் சளிப்படலம் ஒன்று பூசியிருக்கிறது, அதற்குள் காரத்தன்மையுள்ள பைகார்பனேட் தேங்கியிருக்கிறது. படலத்தின் வெளிப்பக்கம் கடும் அமிலம், உள்பக்கம் கிட்டத்தட்ட நடுநிலை. அதற்கும் கீழே மேற்பரப்புச் செல்கள் சில நாளுக்கு ஒருமுறை புதிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்தக் காவல் தொடர்ந்து நடக்க புரோஸ்டகிளாண்டின் என்ற பொருள் வேண்டும். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிற வலிமாத்திரைகளில் பல, வலியைக் குறைப்பதே புரோஸ்டகிளாண்டினைத் தடுத்துத்தான். இரைப்பைக்குத் தேவையானதையும் அவை சேர்த்துக் குறைத்துவிடும். விடியுமுன் ரப்பர் வெட்டுக்குப் போகிறவர் கட்டன் சாயாவோடு ஒரு வலிமாத்திரையைத் தினமும் போட்டுக்கொண்டால் நாளடைவில் நடக்கக்கூடியது இதுதான். இந்த மாத்திரைகளைக் காரணத்தோடு, அளவோடு, டாக்டர் சொல்லி எடுப்பதுதான் நல்லது.

இரைப்பையின் கீழ்ப்பாதி நிமிடத்துக்கு மூன்று முறை சுருங்கிச் சாப்பாட்டைக் கடைகிறது. வெளிவாசலில் பைலோரஸ் என்ற சுருக்குத்தசை. ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் அதில் நுழைய முடியாமல் திரும்பி வந்து மறுபடி அரைபடும். கூழானது மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக டியோடினத்துக்குள் இறங்கும். வெறும் கிழங்கு சீக்கிரம் இறங்கிவிடும், மீன் அதைவிடத் தாமதம், தேங்காய்க் கொழுப்பு சேர்ந்தால் இன்னும் தாமதம். அதனால்தான் வெறும் கஞ்சி குடித்தவருக்குச் சீக்கிரம் பசிக்கிறது, தேங்காய் நிறைய அரைத்த தீயல் சாப்பிட்டவருக்கு வயிறு நிறைவாகவே இருக்கிறது. ஒரு முழுச் சாப்பாடு இரைப்பையைக் காலி செய்ய நான்கு மணி நேரம்வரை ஆகலாம்.

இப்போது அந்த ஒரு சாண்.

டியோடினம் ஆங்கில 'சி' எழுத்தாக வளைந்து, கணையத்தின் தலையைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. கல்லீரலிலிருந்து வரும் பித்தக் குழாயும் கணையக் குழாயும் சேர்ந்து அதன் நடுப்பகுதியில் ஒரே வாயில் திறக்கின்றன. மேலிருந்து அமிலக் கூழ் வருகிறது. அமிலத்தில் கணைய நொதிகள் வேலை செய்யாது, டியோடினத்தின் சுவருக்கு இரைப்பைக்கு இருக்கிற அளவு காவலும் கிடையாது. ஆகவே அமிலம் வந்த நிமிடமே அதை முறிக்க வேண்டும். வந்தது கணையத்துக்கு எப்படித் தெரியும்?

நரம்பு வழியாகத் தெரிகிறது என்றுதான் 1902 வரை எல்லோரும் நம்பினார்கள். அந்த வருடம் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பேய்லிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர், ஒரு நாயின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளையெல்லாம் நீக்கிவிட்டு அதில் அமிலம் விட்டார்கள். கணையம் வழக்கம்போலச் சுரந்தது. குடல் சுவரைச் சுரண்டி அமிலத்தில் அரைத்து, அந்தச் சாற்றை ரத்தத்தில் ஏற்றியபோதும் சுரந்தது. அதாவது குடல் ரத்தத்தின் வழியே ஒரு வேதிப்பொருளைத் தூது அனுப்புகிறது. அதற்கு செக்ரிட்டின் என்று பெயர் வைத்தார்கள். ஹார்மோன் என்று பெயர் பெற்ற முதல் பொருள் இப்படித்தான் தெரியவந்தது. இன்சுலின், தைராய்டு என்று இன்று நாம் சாதாரணமாகப் பேசும் ஹார்மோன் இயல் முழுதும் இந்தக் குடல் துண்டிலிருந்து தொடங்கியது. உடலியலில் இதைவிட அழகான பரிசோதனை அதிகம் இல்லை என்பது என் கருத்து.

அமிலம் பட்டதும் செக்ரிட்டின் ரத்தத்தில் கலந்து கணையத்துக்குப் போகிறது. கணையம் பைகார்பனேட் நிறைந்த காரச் சாற்றை அனுப்பி அமிலத்தை முறிக்கிறது. கொழுப்பும் புரதமும் வந்தால் டியோடினம் வேறொரு ஹார்மோனை விடுகிறது; அதன் பெயர் கோலிசிஸ்டோகைனின். அது பித்தப்பையைச் சுருக்குகிறது, கணையத்தை நொதி நிறைந்த சாறு அனுப்பச் சொல்கிறது, இரைப்பையிடம் கொஞ்சம் நிதானிக்கச் சொல்கிறது, மூளைக்கும் போதும் என்று தகவல் போகிறது. கொழுப்பு சேர்ந்த சாப்பாடு தாமதமாக இறங்குவதன் ரகசியம் இதில் இருக்கிறது. இரைப்பை தன் இஷ்டத்துக்கு அனுப்புவதில்லை. எவ்வளவு, எப்போது என்பதைக் கீழே இருக்கிற இந்தச் சிறு குடல்தான் சொல்கிறது.

பித்தநீரைக் கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை உண்டாக்குகிறது. பித்தப்பை அதில் தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி வைத்திருக்கும் கிடங்கு. பித்தநீரில் கொழுப்பைச் செரிக்கும் நொதி எதுவும் இல்லை. மீன்சட்டியில் படிந்த எண்ணெயைச் சோப்பு சின்னச் சின்னத் துளிகளாகப் பிரித்துவிடுகிறதே, அந்த வேலையைத்தான் பித்த உப்புகள் செய்கின்றன. துளி சிறிதானால்தான் கணையத்தின் கொழுப்புவெட்டி நொதியான லிப்பேஸ் எல்லாப் பக்கமும் பிடித்து உடைக்க முடியும். பித்தப்பையில் கல் இருப்பவருக்கு எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி பிடித்து, சில நேரம் வலது தோள்பட்டைக்கும் பரவுவது, கல் அடைத்துக்கொண்டிருக்கும்போது பை சுருங்க முயல்வதால்.

கணையம் புரதத்தை வெட்டும் நொதிகளைச் செயலற்ற நிலையிலேயே அனுப்புகிறது. டியோடினச் சுவரில் இருக்கும் என்டெரோகைனேஸ் என்ற நொதி முதலில் டிரிப்சினோஜனை வெட்டி டிரிப்சினாக்கும். டிரிப்சின் மற்றவற்றை எழுப்பிவிடும். இந்த எச்சரிக்கை எதற்கு என்றால், டிரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் கணையம் தன்னையே செரித்துவிடும். கணைய அழற்சி என்பது அதுதான். பித்தக்கல் வழியை அடைப்பதும் மதுவும் அதற்கான முக்கியக் காரணங்கள்.

சரி, நெய்யூர். லண்டன் மிஷனரி சொசைட்டி என்ற கிறிஸ்தவ அமைப்பு இங்கே 1838லேயே மருத்துவப் பணி தொடங்கியது. 1922ல் எவரெஸ்ட் ஏறும் குழுவில் வந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற சர்ஜன், பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்த்தபோது நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கூட்டம் கூட்டமாக நோயாளிகள் காத்திருக்க, வேலை செய்துகொண்டிருந்தது ஒரே ஒரு சர்ஜன். லண்டனில் காத்திருந்த எதிர்காலத்தை விட்டுவிட்டு இங்கேயே வந்து சேர்ந்தார். செக்ரிட்டின் கண்டுபிடிக்கப்பட்ட அதே யூனிவர்சிட்டி காலேஜின் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்றவர் அவர். 1924ல் மறுபடி எவரெஸ்ட் போய், ஆக்சிஜன் இல்லாமல் 28,000 அடி அளவுக்கு ஏறி, இறங்கும் வழியில் பனிக்காற்றில் கருகிய தொண்டைச் சவ்வே பிய்ந்து அடைத்து மூச்சுத் திணறிப் பிழைத்தார். அப்புறம் பல வருடம் நெய்யூர்தான் அவருக்கு வாழ்க்கை. கேரள எல்லையைத் தாண்டிக் காரக்கோணத்தில் இருக்கும் மருத்துவக் கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது.

அவர் மேஜைக்குத் திரும்பத் திரும்ப வந்த நோய் டியோடினப் புண். அன்றைய தென் திருவிதாங்கூரில், அதாவது 1956 நவம்பர் 1க்குப் பிறகு குமரி மாவட்டம் ஆன இந்தப் பகுதியில், அது வழக்கத்துக்கு மீறி அதிகம். புண் ஆறி, தழும்பு சுருங்கி, இரைப்பையின் வெளிவழி அடைபட்டு, சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்து எலும்பும் தோலுமாக வருவார்கள். இரைப்பையைச் சிறுகுடலின் அடுத்த பகுதியோடு நேரடியாக இணைத்து, அடைபட்ட இடத்தைச் சுற்றிப்போகும் வழி செய்வதே அன்றைய சிகிச்சை. சோமர்வெல் அதில் கைதேர்ந்தவரானார். இங்கே பார்த்ததைப் பிரிட்டன் மருத்துவ இதழ்களில் எழுதினார். தெற்கே ஏன் இவ்வளவு அல்சர் என்பதற்கு அன்று அரிசி, மரச்சீனி, மிளகாய், சத்துக் குறைவு என்று பல சந்தேகங்கள் சொல்லப்பட்டன.

முக்கியக் குற்றவாளி பிடிபட்டது பல பத்தாண்டு கழித்து, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில். இரைப்பையின் சளிப்படலத்துக்குள் ஒளிந்திருக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை ராபின் வாரன் 1979ல் கவனித்தார். 1984ல் பாரி மார்ஷல் அதைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். இருவருக்கும் 2005ல் நோபல் பரிசு. கிருமி இருப்பது இரைப்பையில், புண் வருவது டியோடினத்தில், இது எப்படி? கிருமி இரைப்பையின் கீழ்ப்பகுதியில் குடியேறி காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைக் கூட்டுகிறது. அமிலச் சுரப்பு ஏறுகிறது. கூடுதல் அமிலம் டியோடினத்தில் கொட்டக் கொட்ட, அதன் சுவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இரைப்பைச் சுவரின் தன்மைக்கு மாறுகிறது. மாறிய அந்தத் திட்டுகளில் கிருமியும் வந்து குடியேறுகிறது. புண் அங்கே விழுகிறது.

இந்தியாவில் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் இந்தக் கிருமி இருக்கிறது. புண் வருவது அவர்களில் சிலருக்குத்தான். சிகரெட், பீடியும் வலிமாத்திரையும் சேர்ந்தால் வாய்ப்பு கூடும். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை, இருக்கிற புண்ணில் எரிச்சலைக் கூட்டலாம், அவ்வளவுதான். மூச்சுப் பரிசோதனை, மலப் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி இவற்றில் ஏதாவது ஒன்றில் கிருமி உண்டா என்று தெரிந்துவிடும். ஆன்டிபயாடிக்குகளும் அமிலம் குறைக்கும் மாத்திரையுமாக இரண்டு வாரச் சிகிச்சை. முழுதாக முடித்தால் பெரும்பாலோருக்குப் புண் திரும்ப வருவதில்லை. ஒரு காலத்தில் வயிற்றைக் கிழித்துச் செய்த வேலை இது. இன்றும் வருடக்கணக்காக அமிலம் குறைக்கும் மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு, கிருமிப் பரிசோதனை ஒருமுறைகூடச் செய்துகொள்ளாதவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

வலி வரும் நேரமும் ஒரு துப்பு. சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் கழித்து, அல்லது நடுராத்திரியில் எழுப்பிவிடுகிற வலி, எதையாவது தின்றால் அடங்கினால், டியோடினத்தைச் சந்தேகிக்கலாம். சாப்பிட்ட சற்று நேரத்தில் கூடுகிற வலி இரைப்பைப் புண்ணில் அதிகம். மலம் கறுத்துப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் மேற்குடலில் ரத்தம் கசிகிறது என்று பொருள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடாதவர் என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மரச்சீனியின் மேல் இன்னொரு பழியும் உண்டு. கேரளத்திலும் நம் பக்கத்திலும் மது தொடாத இளவயதினருக்குக் கூட கணையத்தில் கல் விழுந்து, வயிற்றுவலியும் சர்க்கரை நோயும் வருவதை டாக்டர்கள் கவனித்தார்கள். மரச்சீனியில் சயனைடு வெளிவிடும் லினமாரின் இருப்பதால் அதன் மேல் சந்தேகம் விழுந்தது. பிறகு மரச்சீனியே சாப்பிடாத ஊர்களிலும் அந்த நோய் தெரிந்தது. விலங்குகளிடம் செய்த ஆய்வுகளும் சந்தேகத்தை உறுதி செய்யவில்லை. டிரிப்சினைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் மாற்றம் பல நோயாளிகளிடம் இருப்பது பின்னர் கண்டறியப்பட்டது. விழிக்கக் கூடாத இடத்தில் டிரிப்சின் விழித்துக்கொள்ளும் அதே கதை.

ஆனால் லினமாரின் கற்பனை இல்லை. தோலிலும் இலையிலும் அது அதிகம். ஆடு மாடுகள் மரச்சீனி இலையைத் தின்று செத்துப்போவது இதனால். தோலை நன்றாகச் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுவது நம் வீட்டு வழக்கம். பெரும்பகுதி விஷம் அதோடு போய்விடும். மிச்சமுள்ள சயனைடைக் கல்லீரல் கந்தகம் சேர்த்துத் தீங்கற்றதாக மாற்றிச் சிறுநீரில் அனுப்பும். அந்தக் கந்தகம் மீனின் புரதத்தில் நிறைய இருக்கிறது, கிழங்கில் மிகக் குறைவு. 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய இந்தக் கிழங்கு, 1942ல் பர்மா அரிசி நின்றுபோனபோது திருவிதாங்கூரின் பசியைத் தாங்கியது. வெறும் கிழங்கையே தின்று நாள் தள்ளியவர்களுக்கும், கூடவே நாலு சாளை கிடைத்தவர்களுக்கும் உடம்பில் வித்தியாசம் இருந்திருக்கத்தான் செய்யும்.

டியோடினத்துக்கு அப்பால் சிறுகுடல் பல மீட்டர் நீள்கிறது. உறிஞ்சும் வேலை இங்கே. உட்சுவர் மடிப்பு மடிப்பாக இருக்கும், மடிப்பின் மேல் ஒரு மில்லிமீட்டருக்குள் உயரமுள்ள குடல் உறிஞ்சிகள், ஒவ்வொரு உறிஞ்சியின் செல்லிலும் இன்னும் நுண்ணிய இழைகள். குடலின் பரப்பு 250 சதுர மீட்டர் என்று பழைய புத்தகங்களில் இருக்கும். 2014ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்துபார்த்துச் சுமார் 30 சதுர மீட்டர்தான் என்றார்கள். அதுவே பெரிய பரப்புதான். சர்க்கரையும் அமினோ அமிலமும் ரத்தக்குழாய் வழியாக நேராகக் கல்லீரலுக்குப் போகும். கொழுப்பில் பெரும்பகுதி நிணநீர்க் குழாய் வழியாகச் சுற்றிப் போய்க் கழுத்தருகே ரத்தத்தில் கலக்கும். கொழுப்பைப் பிரித்து முடித்த பித்த உப்பில் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சித் திரும்பக் கல்லீரலுக்கே அனுப்பிவிடுகிறது.

இங்கே ஒரு சின்ன வாசலைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுகுடல் செல்லுக்குள் குளுக்கோஸ் தனியாக நுழைவதில்லை, சோடியத்தைக் கூட அழைத்துக்கொண்டு நுழைகிறது. பின்னாலேயே தண்ணீர் போகிறது. 1960ல் ராபர்ட் கிரேன் இதை முன்வைத்தார். காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் இந்த வாசல் பழுதாவதில்லை. உப்பும் குளுக்கோஸும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் கொடுத்தால் உடம்பு அதை ஏற்றுக்கொள்ளும். ஓஆர்எஸ் பொட்டலத்தின் அறிவியல் இவ்வளவுதான். 1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் திலீப் மஹலனாபிஸ் சலைன் தீர்ந்துபோன நிலையில் இதைக் கொடுத்து, 30 சதவீதம் அளவில் இருந்த மரணத்தை 4 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவந்தார்.

நம் வீட்டில் வயிற்றுப்போக்குக்கு உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீர் கொடுப்பதும் இதே வாசலைத்தான் பயன்படுத்துகிறது. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் மெல்ல மெல்லக் குளுக்கோஸாகிறது, ஒரே நேரத்தில் இனிப்பு கூடிக் குடலுக்குள் தண்ணீரை இழுப்பதில்லை. அரிசியில் செய்த கரைசல் காலராவில் நன்றாகவே வேலை செய்வது ஆய்வுகளிலும் தெரிந்தது. பாட்டில் குளிர்பானம் இதற்கு உதவாது. சர்க்கரை அதிகம், உப்பு கிடையாது. குழந்தைக்கு முதலில் ஓஆர்எஸ், அது கைக்கு வரும்வரை உப்புக் கஞ்சித் தண்ணீர், தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கண் குழிவிழுந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டால் காத்திருக்க வேண்டாம்.

குடிப்பதும் சுரப்பதும் சேர்ந்து ஒரு நாளைக்கு 8, 9 லிட்டர் நீர் சிறுகுடலுக்குள் வருகிறது. ஒன்று, ஒன்றரை லிட்டர் மட்டும் பெருங்குடலுக்குப் போகிறது. அங்கும் உறிஞ்சப்பட்டு, மலத்தில் மிஞ்சுவது 100 முதல் 200 மில்லி.

பெருங்குடல் ஒன்றரை மீட்டர் நீளம். அதில் பல லட்சம் கோடி பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. நம் நொதிகளால் உடைக்க முடியாத நாரையும் மாவுச்சத்தையும் அவை புளிக்கவைத்துக் குறுகிய கொழுப்பு அமிலங்களாக்குகின்றன. அதில் பியூட்டிரேட் என்பது பெருங்குடல் செல்களுக்கே தீனி. ஏத்தங்காயிலும், ஆறிப்போன சோற்றிலும் கிழங்கிலும் இப்படிச் சிறுகுடலைத் தப்பி வருகிற மாவுச்சத்து சூட்டோடு இருப்பதைவிடக் கூடுதல். பழங்கஞ்சி குடிப்பவரின் பெருங்குடலுக்கு அதில் ஒரு பங்கு போய்ச் சேருகிறது. பயறு சாப்பிட்டால் வாயு வருவதும் இந்தப் பாக்டீரியாக்களின் வேலைதான். அதை நோயென்று எண்ணிப் பயற்றை ஒதுக்க வேண்டாம், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பலருக்குப் பழகிவிடும்.

காலையில் காப்பி குடித்ததும் கழிவறைக்கு ஓடுகிறவர்கள் பலர். இரைப்பையில் ஏதாவது விழுந்ததும் பெருங்குடல் சுருங்கி மிச்சத்தைக் கீழே தள்ளுவது உடம்பின் இயல்பான அனிச்சை, சாப்பிட்டது உடனே வெளியேறுவதாக நினைக்க வேண்டியதில்லை. இன்று தின்ற கிழங்கின் மிச்சம் வெளியே வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகலாம். தினமும் போயே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வாரத்துக்கு மூன்று தடவையிலிருந்து நாளுக்கு மூன்று தடவை வரை எல்லாம் சரிதான். ஆளாளுக்கு உள்ள வழக்கம் திடீரென்று மாறி அப்படியே நீடித்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ரத்தசோகை தெரிந்தால், மலத்தில் ரத்தம் வந்தால், அதிலும் வயது 45 தாண்டியவராக இருந்தால், மூலம் என்று தானே முடிவுகட்டிக் களிம்பு வாங்கிப் போட்டுக்கொண்டிருக்காமல் பெருங்குடலைக் கொலனோஸ்கோப்பி செய்து பார்த்துக்கொள்ள வேண்டும்.